இரண்டு மலை, ஓர் எரிநட்சத்திரம்

டிசம்பர் 12, 2023, செவ்வாய். ஜமுனாமரத்தூர்

இரவு பத்தரை மணி. இப்போதுதான் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு நட்சத்திரம்கூட இல்லை. ஜவ்வாது மலையை மேகம் மொத்தமாக மூடிக்கிடக்கிறது. இன்றைக்கு அமாவாசை. இந்த இருட்டுக்காகத்தான் போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் காத்திருந்து ஏமாந்தோம். இரண்டு வருடமும், டிசம்பரில் எரிநட்சத்திரங்கள் கூட்டமாக வரும் ஜெமினிட் எரிகற்பொழிவு வந்த நேரம் பார்த்து நிலாவும் பெரிதாக வந்து நின்றுவிட்டது. இந்த முறை நிலா இல்லை, மேகம் இருக்கிறது.

மனசு தளரவில்லை. உச்சம் நாளை மறுநாள்தான். 14ஆம் தேதி வியாழக்கிழமை நள்ளிரவு தாண்டி, நம்முடைய நேரப்படி பன்னிரண்டரையிலிருந்து ஒரு மணி வாக்கில் என்று கணித்திருக்கிறார்கள். நமக்கு நடு ராத்திரியில், அதுவும் அமாவாசையை ஒட்டி உச்சம் அமைவது எல்லா வருடமும் நடக்கிற காரியம் இல்லை. அதனால்தான் மிக்ஜாம் புயல் போய் எட்டு நாள்கூட முழுசாக ஆகாத நிலையில், வீட்டில் நனைந்த மெத்தையை மாடியில் காயப்போட்டுவிட்டு, நானும் வீட்டுக்காரரும் சென்னையிலிருந்து காலையிலேயே கிளம்பிவிட்டோம். ஆம்பூரில் வண்டியை நிறுத்தியும் பிரியாணி சாப்பிடவில்லை. அமாவாசை, அவர் விரதம். தயிர் சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

வாணியம்பாடியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஆலங்காயம் தாண்டினால் மலை ஏற்றம். வழியில் காவலூர் வந்தது. மரங்களுக்கு மேலே வைணு பாப்பு வானாய்வகத்தின் வெள்ளைக் குவிமாடம் தெரிந்ததும் வண்டியை ஓரம்கட்டச் சொன்னேன். 1986இல் திறந்துவைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அதற்குள்தான் இருக்கிறது. 1977 மார்ச் 10ஆம் தேதி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அந்தக் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் காட்டிய பதிவுகளில் ஒன்று இந்த மலையிலிருந்து எடுத்தது. 1988இல் இங்கே கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்கு ராமானுஜன் என்று பெயர். நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளிடம் இந்தக் காவலூரைப் பற்றிச் சொல்கிறேன், ஒவ்வொரு வருடமும் அவர்கள் இது வேறு நாட்டில் இருக்கிறது என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

இப்போது திட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தம்பி நேற்றே ஏலகிரிக்குப் போய்விட்டான். இங்கிருந்து ஏலகிரி நேர்கோட்டில் ஏறக்குறைய 27 கிலோமீட்டர், மேற்கே. இரண்டு மலையிலிருந்தும் இரண்டு கேமரா வானத்தின் ஒரே இடத்தைப் பார்க்கப்போகின்றன. ஒரே எரிநட்சத்திரம் இரண்டு படத்திலும் விழுந்தால், அது எவ்வளவு உயரத்தில் எரிந்தது என்று நாங்களே கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். அழகான படம் வந்தால் சந்தோஷம்தான். ஆனால் இந்த முறை நான் வந்தது அந்த ஒரு எண்ணுக்காக.

தங்கியிருப்பது ஊருக்கு வெளியே, சாமை பயிரிடும் ஒரு குடும்பத்தின் வீட்டில். அண்ணன் ஒருத்தர், அவர் மனைவி, அவருடைய அம்மா. அந்த அம்மாவை எல்லோரும் ஆயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ராத்திரி சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் போட்டார்கள். சூடாக இருந்தபோது உதிரி உதிரியாக இருந்த சோறு, குழம்பை ஊற்றியதும் அப்படியே இழுத்துக்கொண்டது. இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

தம்பி போன் செய்தான். “அக்கா, இங்கயும் மூடியிருக்கு. தூங்கு.”

டிசம்பர் 13, புதன்

பகல் முழுக்க வேலை. வீட்டுக்குப் பின்னால் அறுவடை முடிந்த கொல்லை ஒன்று தெற்குப் பக்கம் சரிந்து இறங்குகிறது. மறைக்க மரம் இல்லை. தென்கிழக்கில் மட்டும் அடிவானத்தை ஒட்டி திருவண்ணாமலைப் பக்கத்து வெளிச்சம் கொஞ்சம் தெரியும் என்று அண்ணன் சொன்னார். மற்றபடி இருட்டு. டிரைபாடை அங்கே நட்டு, காற்றில் ஆடாமல் இருக்க நடுக்கம்பியில் கல் கட்டித் தொங்கவிட்டோம்.

கேமராவை எங்கே திருப்புவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நானும் தம்பியும் ஒரே நட்சத்திரத்தைப் பார்த்து வைத்தால் தப்பு. நட்சத்திரம் எங்கேயோ இருக்கிறது. எங்களுக்கு வேண்டியது தலைக்கு மேலே, தரையிலிருந்து 90 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு துண்டுக் காற்று. இரண்டு மலைக்கும் நடுவிலிருந்து தெற்கே 50 கிலோமீட்டர் தள்ளி அந்த இடத்தைக் குறித்துக்கொண்டோம். அதைப் பார்க்க நான் தெற்கிலிருந்து 15 டிகிரி மேற்கே திருப்ப வேண்டும், அவன் 15 டிகிரி கிழக்கே. இரண்டு பேரும் 60 டிகிரி நிமிர்த்த வேண்டும். திசைகாட்டியை வைத்துப் பார்த்து, சாய்வுக்கு போனிலேயே அளந்து, திருகை இறுக்கியாயிற்று. இனி ராத்திரி முழுக்க அதைத் தொடக்கூடாது. பால்வெளி எடுக்கிறவர்கள் நட்சத்திரத்தோடு சேர்ந்து சுழலும் டிராக்கர் வைத்துக்கொள்வார்கள். எங்களுக்கு அது ஆகாது. எங்கள் இலக்கு பூமியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் காற்று. நட்சத்திரங்கள் அதன் பின்னால் போய்க்கொண்டே இருக்கட்டும்.

இந்த யோசனை எங்களுடையது இல்லை. 1798இல் ஜெர்மனியில் கோட்டிங்கனில் படித்துக்கொண்டிருந்த பென்சன்பெர்க், பிராண்டஸ் என்ற இரண்டு மாணவர்கள் சில கிலோமீட்டர் தள்ளித் தள்ளி உட்கார்ந்து, எரிநட்சத்திரம் தோன்றிய நேரத்தையும் அது எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் போனது என்பதையும் எழுதிவைத்துக்கொண்டார்கள். கேமரா இல்லை, போன் இல்லை. கண்ணும் கடிகாரமும் வரைபடமும்தான். எரிநட்சத்திரம் மழை, இடி மாதிரி மேகத்தோடு சேர்ந்த சமாச்சாரம் என்று பலரும் நினைத்திருந்த காலம். மேகத்தைவிட எவ்வளவோ உயரத்தில் அவை எரிகின்றன என்று அளந்து சொன்னது அந்த இரண்டு பையன்கள். கேமராவில் எரிநட்சத்திரம் முதன்முதலில் சிக்கியது 1885 நவம்பர் 27ஆம் தேதி, பிராக் நகரத்தில், கண்ணாடித் தகட்டில்.

கேமரா விவரம் கேட்கிறவர்களுக்காக: 24 மி.மீ. லென்ஸ், அப்பெர்ச்சர் (லென்ஸின் வாய் அகலம்) எஃப் 2, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 3200, ஷட்டர் 15 விநாடி, ஒரு விநாடி இடைவெளி, மறுபடி 15 விநாடி. இன்டர்வலோமீட்டர் அதுபாட்டுக்கு அழுத்திக்கொண்டே இருக்கும். ஷட்டரை அதிக நேரம் திறந்துவைத்தால் எரிநட்சத்திரம் நன்றாக விழும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். விழாது. எரிநட்சத்திரம் சென்சாரின் ஒரு புள்ளியைக் கடந்துபோக எடுத்துக்கொள்வது கண் இமைக்கும் நேரத்தில் சிறு பங்கு. அதற்குள் எவ்வளவு ஒளியைப் பிடிக்கிறோமோ அவ்வளவுதான். படத்தில் அது எவ்வளவு பளிச்சென்று விழும் என்பதைத் தீர்மானிப்பது லென்ஸின் வாயும் ஐஎஸ்ஓவும். மீதி நேரமெல்லாம் பின்னால் இருக்கும் வானம்தான் வெளுத்துக்கொண்டே போகும். ஏலகிரியில் கீழே ஜோலார்பேட்டை, திருப்பத்தூர் வெளிச்சம் ஏறி வருகிறது என்பதால் தம்பியை 10 விநாடி வைக்கச் சொல்லிவிட்டேன்.

நேரம் சரியாக இல்லாவிட்டால் எல்லாம் வீண். இரண்டு பேரும் போன் திரையில் விநாடியோடு ஓடும் கடிகாரத்தைத் தத்தம் கேமராவாலேயே ஒரு படம் எடுத்துக்கொள்கிறோம், தொடங்கும்போது ஒன்று, முடிக்கும்போது ஒன்று. கேமராவின் கடிகாரம் எத்தனை விநாடி முன்பின் ஓடுகிறது என்று அதில் தெரிந்துவிடும்.

ராத்திரி ஒன்பதரைக்கு மேகம் விலகியது. அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வது? மேலே கார்த்திகைக் கூட்டம், பக்கத்தில் சிவப்பாக ரோகிணி, கிழக்கே திருவாதிரை, வடகிழக்கில் புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்கள். பஞ்சாங்கத்தில் படிக்கிற பெயர்களெல்லாம் வரிசையாக மேலே ஏறி வந்து நிற்கின்றன. சென்னையில் என் மாடியிலிருந்து எண்ணினால் இருபது தேறும். இங்கே எண்ண முடியாது. வீட்டுக்காரர் பத்து நிமிஷம் ஒன்றும் பேசவில்லை.

கேமராவின் திரையில் பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது ஊசிமுனையாகிற வரைக்கும் லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி, வளையம் நகராமல் டேப் ஒட்டினேன். 10.05க்கு ஓடவிட்டேன். பதினொன்றரைக்குள் கண்ணால் பதினேழு பார்த்தோம். எல்லாம் சின்னவை.

பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் லென்ஸின் முகம் முழுக்கப் பனி பூத்திருக்கிறது. துடைத்தேன், ஐந்து நிமிஷத்தில் மறுபடி. கொண்டுவந்திருந்த சூடேற்றும் பட்டை வேலை செய்யவில்லை. கம்பி எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது. சென்னையிலேயே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். 11.40க்குப் பிறகு எடுத்த படம் அத்தனையும் பால் ஊற்றின மாதிரி. மேகமில்லாத வானத்துக்கு முகம் காட்டிக்கொண்டு நிற்கும் கண்ணாடி சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும், காற்றில் இருக்கிற ஈரம் அதன் மேல்தான் முதலில் படியும். பாடத்தில் நான் நடத்துவது அப்படியே என் லென்ஸில் நடந்துகொண்டிருந்தது.

நாளைக்கும் இப்படி ஆனால் என்ன செய்வது? தூக்கம் வரவில்லை.

டிசம்பர் 14, வியாழன் இரவு. எழுதுவது 15 காலை ஆறரைக்கு

கை விறைத்திருக்கிறது. தூங்குவதற்கு முன் எழுதிவிட வேண்டும்.

முதலில் பனிப் பிரச்சினை தீர்ந்த கதை. நேற்றுக் காலையில் அடுப்படியில் உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணாடியைச் சுற்றி மெல்லிய சூடு இருந்தால் போதும், பனி படியாது என்றேன். ஆயா கேட்டுக்கொண்டே இருந்தார். “மூட்டு வலிக்குக் குடுக்கற ஒத்தடம் மாதிரியா?” என்றார். அதேதான். உப்பு வறுக்கலாமா என்று கேட்டார். உப்பு கேமராவுக்கு ஆகாது என்றேன். “அப்பத் தவிடு” என்று எழுந்து போனார்.

ராத்திரி ஒன்பது மணிக்கு இரும்புச் சட்டியில் சாமைத் தவிட்டை வறுத்தார். கருகாமல், கரண்டியை எடுக்காமல், வாசனை வருகிற வரைக்கும். பழைய வேட்டித் துணியை விரல் அகலத்துக்கு நீளப் பையாகத் தைத்து வைத்திருந்தார். அதில் தவிட்டைக் கொட்டி, வாயைக் கட்டி, அதன்மேல் இன்னொரு துணி சுற்றி லென்ஸின் கழுத்தில் மாலை மாதிரி கட்டினோம். டேப் ஒட்டிய வளையத்தில் கை படாமல் கட்டுவதற்கு மூன்று தடவை முயன்றோம். தொட்டுப் பார்த்தால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி மிதமான சூடு. ஒன்றே கால் மணி நேரம் தாங்கியது. அதற்குள் அடுத்த பை தயார். கடைசி வரைக்கும் ஒரு பொட்டுப் பனி படியவில்லை. கேமரா முழுக்க இப்போதும் வறுத்த தவிட்டு வாசனை.

சாயங்காலம் இரண்டு நாள் பிறை மேற்கே நூலாகத் தெரிந்து இறங்கியது. எட்டரை வரைக்கும் வானத்தில் திட்டுத் திட்டாக மேகம். ஜெமினிட்கள் புறப்படுவதாகத் தோன்றும் புனர்பூசம் ஏழே முக்காலுக்கு மேல்தான் உதிக்கிறது. அது அடிவானத்தில் இருக்கும்போது வருகிற எரிநட்சத்திரங்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் அவை காற்று மண்டலத்தைச் சாய்வாக உரசிக்கொண்டு நீளமாகப் போகும். 8.20க்கு மேக இடைவெளியில் அப்படி ஒன்று. வடகிழக்கிலிருந்து தலைக்கு மேலே மேற்குவரை, அவசரமே இல்லாமல், கோலமாவு இழுத்த மாதிரி ஒரு கோடு. கேமரா அப்போது பைக்குள் இருந்தது. எனக்கு வருத்தமில்லை, கண் பார்த்துவிட்டது.

பத்து மணிக்கு ஓடவிட்டேன். பதினொன்றுக்கு மேகம் முழுதாக விலகியது. பாயை விரித்து, போர்வைக்குள் மூன்று பேரும் படுத்துக்கொண்டோம். அண்ணன் கொஞ்ச நேரம் வந்து பார்த்துவிட்டு, விடிந்தால் வேலை இருக்கிறது என்று போனார். ஆயா போகவில்லை. வாசல் திண்ணையில் அவரைப் பந்தலுக்குப் பக்கத்தில் அடுப்புக் கனலை ஒரு சட்டியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என் கையில் அழுத்தி எண்ணுகிற கவுண்டர். நான் வானத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டேன். “ஒண்ணு” என்பேன், வீட்டுக்காரர் சிவப்பு விளக்கில் நேரத்தை எழுதுவார். பெரியதாக இருந்தால் “பெருசு” என்பேன், அவர் விநாடியோடு எழுதுவார். பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் 48. பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரைக்குள் 71.

மணிக்கு 120, 150 என்று செய்தியில் போடுவார்கள். அந்த எண், வானம் மிக இருட்டாக இருந்து, எரிகற்கள் புறப்படுவதாகத் தோன்றும் புள்ளி நேர் உச்சியில் இருந்தால் ஒருவர் பார்க்கக்கூடியது. இங்கே புனர்பூசம் உச்சத்துக்குப் போவதே இரண்டு மணிக்குமேல், அப்போதும் 70 டிகிரிதான். எனக்கு 71 கிடைத்ததே பெரிய பாக்கியம். பொழிவு என்று பெயர் வைத்துவிட்டதால் மழை மாதிரிக் கொட்டும் என்று நினைத்து வருகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். இரண்டு நிமிஷம் ஒன்றுமே இருக்காது. அப்புறம் பத்து விநாடிக்குள் மூன்று. சில விநாடி வானம் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும்.

12.58. நான் அப்போது தெற்கே, வேட்டைக்காரன் வடிவ நட்சத்திரக் கூட்டமான ஓரியனுக்கு இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரியனின் இடது காலுக்குப் பக்கத்தில் ஒரு வெளிச்சம் புறப்பட்டு, கீழே இறங்க இறங்கத் தடித்து, அதற்குக் கீழே இருக்கும் முயல் என்ற நட்சத்திரக் கூட்டத்துக்குள் நுழைந்ததும் பொசுக்கென்று வெடித்தது. வெள்ளையில் மஞ்சள் கலந்த வெளிச்சம். பாயின் கோரைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன, வீட்டுக்காரரின் கைவிரல்கள் தெரிந்தன, கொல்லையில் எங்கள் நிழல் ஒரு கணம் விழுந்து மறைந்தது. சத்தம் இல்லை. ஒரு துளிச் சத்தம்கூட இல்லை. அதுதான் உடம்பைச் சிலிர்க்கவைக்கிறது. அவ்வளவு பெரிய வெளிச்சத்துக்குப் பின்னால் காது எதையோ எதிர்பார்த்து நிற்கிறது, தவளைச் சத்தம் மட்டும் தொடர்கிறது.

“பெருசு!” என்று கத்தினேன். “12.58.22” என்றார்.

திண்ணையிலிருந்து ஆயா, “பச்சையப் பாரு கண்ணு, பச்சையப் பாரு” என்றார். பந்தலில் கை நீட்டி ஓர் அவரை இலையைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எரிநட்சத்திரம் விழுவதைப் பார்த்துவிட்டால் உடனே பச்சையைப் பார்க்க வேண்டும். என் பாட்டியும் இதையேதான் சொல்வார். இந்தப் பயம் நேற்று வந்தது இல்லை. புறநானூற்றில் 229ஆம் பாட்டு முழுக்க இதுதான். கூடலூர் கிழார் ஒரு விண்மீன் விழக் கண்டு, அரசனுக்கு என்ன ஆகுமோ என்று நடுங்குகிறார். ஏழாம் நாள் அந்தச் சேர அரசன் இறந்துபோகிறான். எந்த நட்சத்திரம் எந்த நிலையில் இருந்தபோது மீன் விழுந்தது என்று அந்தப் புலவர் குறித்துவைக்கிறார். எனக்கு அந்தப் பாட்டில் பிடித்த இடம் அதுதான். கண்ணீருக்கு நடுவிலும் வானத்தை அவ்வளவு துல்லியமாகப் பார்த்திருக்கிறார்.

நான் போய் ஆயாவுக்குப் பக்கத்தில் நின்று அந்த இலையைப் பார்த்தேன்.

மூன்று நிமிஷத்தில் தம்பி போன் செய்தான். குரல் நடுங்கியது. “அக்கா, பாத்தியா? சீரியஸ் நட்சத்திரத்து மேலயே போச்சுக்கா.” நான், “டேய், இங்க ஓரியன் காலுக்குக் கீழடா” என்றேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டோம். ஒரே எரிநட்சத்திரம். எனக்கு முயலில், அவனுக்கு சீரியஸில். அதற்குத்தானே வந்தோம்.

ஐந்து மணிக்கு நிறுத்தினேன். 1,560 படம்.

டிசம்பர் 15, வெள்ளி

பதினொன்று வரைக்கும் தூங்கினேன். அப்புறம் மடிக்கணினியைத் திறந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். இதற்கு மென்பொருள் உண்டு, ஆனால் கண்ணால் பார்ப்பதில் ஒரு நிம்மதி. விமானம் விட்டுவிட்டு மின்னும், செயற்கைக்கோள் இரண்டு மூன்று படத்தில் தொடர்ந்து வரும், எரிநட்சத்திரம் ஒரே படத்தில் தொடங்கி அதிலேயே முடியும். இரண்டு முனையும் ஊசியாக இருக்கும், நடுவில் தடிக்கும். மொத்தம் 38 தேறியது. கண்ணால் இருநூறுக்கு மேல் பார்த்திருக்கிறேன், கேமரா பிடித்தது 38. மங்கலானவை கேமராவுக்கு எட்டுவதில்லை, பாதி நேரம் அவை கேமரா பார்க்காத பக்கத்தில் போகின்றன.

12.58 படம் இருக்கிறது. இருக்கிறது! நடுவில், முழுதாக, கொஞ்சமும் வெட்டுப்படாமல்.

தம்பி அவனுடையதை அனுப்பினான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது என் கண் கலங்கிவிட்டது. அதே வளைவு, அதே தடிப்பு, முடிவதற்கு முன்னால் அதே குமிழ். பின்னால் இருக்கும் வானம் மட்டும் வேறு. கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறும். எங்கள் இரண்டு கண்ணுக்கும் நடுவில் 27 கிலோமீட்டர்.

வெடித்த புள்ளியை எடுத்துக்கொண்டோம். இரண்டு படத்திலும் தெளிவாகத் தெரியும் ஒரே இடம் அதுதான். பக்கத்து நட்சத்திரங்களை ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபட மென்பொருளில் ஒப்பிட்டு, என் வானத்தில் அந்தப் புள்ளி எங்கே, அவன் வானத்தில் எங்கே என்று குறித்தோம். இரண்டுக்கும் இடையே 15 டிகிரி. மற்றது பத்தாம் வகுப்பு முக்கோணவியல். 27இல் பாதி 13.5. அதை ஏழரை டிகிரியின் டேன்ஜென்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 103. எங்களிடமிருந்து அது எரிந்த தூரம் 103 கிலோமீட்டர். அந்தப் புள்ளி தெற்கு வானத்தில் 58 டிகிரி உயரத்தில் இருந்தது. 103ஐ 58 டிகிரியின் சைனால் பெருக்கினால் 87.

87 கிலோமீட்டர். இந்த மலையிலிருந்து 87 கிலோமீட்டர் மேலே.

அரை டிகிரி தவறாக அளந்திருந்தாலும் தூரம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் மாறும், அதனால் 87ஐச் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் பிரகாசமான ஜெமினிட்கள் எரிந்து அடங்குகிற உயரம் இந்த வட்டாரம்தான். இன்னும் இரண்டு எரிநட்சத்திரங்கள் இரண்டு பேர் படத்திலும் இருக்கின்றன, மங்கலாக. சென்னைக்குப் போய் அவற்றையும் கணக்குப் போட வேண்டும்.

அந்த 87 கிலோமீட்டரில் எரிந்தது எது? பேத்தன் என்ற குறுங்கோளிலிருந்து பிரிந்த ஒரு துணுக்கு. மற்ற எரிகற்பொழிவுகள் பெரும்பாலும் வால்மீன்கள் விட்டுப்போன தூசி. ஜெமினிட்கள் வேறு ஜாதி. 1862இல் இந்தப் பொழிவை முதலில் கவனித்தார்கள். நூறு வருடத்துக்கு மேல் இதன் தாய் யாரென்று தெரியவில்லை. 1983இல் ஐராஸ் என்ற செயற்கைக்கோளின் படங்களில் பேத்தன் சிக்கியபோதுதான் அதன் பாதையும் இந்தத் துணுக்குகளின் பாதையும் ஒன்று என்று புரிந்தது. ஒன்றரை வருடத்துக்கும் குறைவான நேரத்தில் சூரியனைச் சுற்றுகிற பாறை அது. சூரியனிடமிருந்து இரண்டு கோடி கிலோமீட்டர் வரைக்கும் நெருங்கிவிடும், புதன்கூட அவ்வளவு கிட்டே போவதில்லை. அதன் துணுக்குகள் வால்மீன் தூசியைவிடக் கெட்டியானவை. விநாடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் நம் காற்றுக்குள் நுழைகின்றன. ஆகஸ்டில் வரும் பெர்சீட் எரிநட்சத்திரங்கள் 59 கிலோமீட்டர் வேகத்தில் வருபவை. அதனால்தான் ஜெமினிட்கள் நம் கண்ணுக்கு நிதானமாகப் போகிற மாதிரித் தெரிகின்றன, “பார்” என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல நேரம் கிடைக்கிறது.

ஒரு விஷயம் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். எரிகற்பொழிவு என்று தேடினால் ஒரே வானத்தில் ஐம்பது கோடு பாயும் படங்கள் வரும். அவை பல மணி நேரப் படங்களை ஒன்றாக அடுக்கியவை. அதில் தப்பில்லை. நானும் 38ஐயும் அடுக்கிப் பார்த்தேன். நட்சத்திரங்களை ஒன்றோடொன்று பொருத்தி அடுக்கினால் எல்லாக் கோடும் புனர்பூசத்திலிருந்து கிளம்பி விரிவது கண்ணாடி மாதிரித் தெரிகிறது. சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல படம் இல்லை. ஆனால் “இது ஏழு மணி நேரம், 38 படம்” என்று கீழே எழுத வேண்டும். எழுதாமல் போட்டால் அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலையேறுகிற ஒருவர், பத்து நிமிஷம் வானத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பிப்போய்விடுவார். அவருக்கு அடுத்த நிமிஷம் வரவேண்டியது வராமலே போய்விடும். என் வகுப்பில் நான் மாட்டப்போவது அந்த ஒற்றை 12.58தான், தம்பியின் படத்தோடு ஜோடியாக.

டிசம்பர் 16, சனி

தம்பி காலையில் ஏலகிரியிலிருந்து வண்டியில் வந்துவிட்டான். வந்ததும் வராததுமாகத் தவிட்டுப் பையைக் கேட்டு வாங்கி மோந்து பார்த்தான். அவன் லென்ஸுக்குக் கைக்குட்டையும் துடைக்கும் பொறுமையும்தான் துணை. ராத்திரி முழுக்க இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் துடைத்திருக்கிறான்.

வானம் மறுபடி மூடிக்கொண்டது. மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தோம். சனிக்கிழமையாக இருப்பதால் போகிற வழியில் காவலூரில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போவதாக உத்தேசம். ஆயா வந்து மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். இரண்டு படத்தையும் காட்டினோம். ரொம்ப நேரம் பார்த்தார்.

“எங்க விழுந்துச்சு?” என்றார்.

விழவில்லை, தரைக்கு வருவதற்கு முன்னால் மேலேயே எரிந்துபோயிற்று என்றேன். அதை ஏற்றுக்கொண்டார். “செரி, எங்க எரிஞ்சுச்சு?”

தம்பியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உயரத்தைக் கணக்குப் போட்ட எங்களுக்கு இது தோன்றவில்லை. தாளை எடுத்தோம். தூரம் 103, சரிவு 58 டிகிரி, அப்படியானால் தரையில் தெற்கே ஏறக்குறைய 55 கிலோமீட்டர். போனில் வரைபடத்தைத் திறந்து இரண்டு மலைக்கும் நடுவிலிருந்து கோடு இழுத்தோம். செங்கத்தைத் தாண்டியது. சாத்தனூர் அணையைத் தாண்டியது. அணைக்குக் கொஞ்சம் தெற்கே நின்றது.

“சாத்தனூர் டேமுக்கு அந்தாண்ட, ஆயா. அதுக்கு நேர் மேல.”

ஆயா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய பேரன் அங்கேதான், அணைப் பக்கத்தில் மீன் பொரிக்கிற கடையில் வேலை செய்கிறான். “அவனுக்குத் தெரிஞ்சிருக்குமா?”

“தலைக்கு மேல தெரிஞ்சிருக்கும்.”

அண்ணனைக் கூப்பிட்டு போனைப் போடச் சொன்னார். எடுத்ததும் சாப்பிட்டியா என்றுகூடக் கேட்கவில்லை. வியாழக்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு வெளியே வந்தானா, மேலே பார்த்தானா என்று கேட்டார். தூங்கிக்கொண்டிருந்தேன் என்று அவன் சொன்னது எங்களுக்கும் கேட்டது. “உன் தலைக்கு மேலதான்டா எரிஞ்சிருக்கு. எண்பத்தேழு கிலோமீட்டரு. இங்க டீச்சரு படம் வெச்சிருக்காங்க” என்றார் ஆயா. அப்புறம் போனை என்னிடம் நீட்டினார்.

“அடுத்தது எப்ப வரும்னு அவனுக்குச் சொல்லு கண்ணு.”